உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு: கடலுக்குப் போகும் ஒழுங்கைகள் யாருடையவை?

மூன்றாம்கட்டையான்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை என்று பேச்செடுத்தால் கோணேசர் கோயில், பிரட்றிக் கோட்டை, துறைமுகம், வீதியில் திரியும் மான்கள், இத்தோடு கதை முடிந்துவிடுகிறது. பட்டினத்தைத் தாண்டி நிலாவெளி வீதியில் வடக்கே வந்தால் உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, சல்லி என்று சனம் நெருக்கமாக இருக்கிற ஊர்கள். அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் மணலையும் கடலையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். அங்கே யார் இருக்கிறார்கள், என்ன செய்து சீவிக்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் குறைவு.

நான் பிறந்ததும் இருப்பதும் மூன்றாம் கட்டையில், அதாவது மூன்றாவது மைல்கல்லடியில். பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவே எங்கள் பக்கம் நிறைய ஒழுங்கைகள் இருக்கின்றன. இரண்டு பேர் சைக்கிளில் எதிர்ப்பட்டால் ஒருவர் இறங்கி வழிவிட வேண்டிய அகலம், இரண்டு பக்கமும் கிடுகு வேலி அல்லது மதில், காலடியில் மணல். விடியற்காலையில் மீன்காரர் போவார்கள், பின்னேரம் பிள்ளைகள் பந்தோடு போவார்கள், ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடப் போகிறவர்களும் அதாலேதான். செத்தவீட்டுக்குப் பந்தல்காரர் தடியும் தகரமும் கொண்டுபோவதும் அதாலேதான்.

இப்போது அவற்றில் சில சுருங்கிவிட்டன, சிலவற்றின் கடற்கரை முனையில் கேட் வந்துவிட்டது. கேட்டால், "இது தனியார் காணி" என்று காவலாளி சொல்கிறார். அந்தப் பிள்ளையும் சம்பளத்துக்கு நிற்கிறவர், அவரோடு சண்டை போட்டு என்ன பயன்? ஆனால் பத்து வருடம் இப்படியே விட்டால் வீதியிலிருந்து கடலைப் பார்க்க அறை எடுக்க வேண்டி வரும். உங்களுக்குத் தெரிந்த ஒழுங்கை எது, அதை யார் பாவிக்கிறார்கள், இப்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள்.

கரைவலைமகன்:

அண்ணை, நல்ல நேரத்தில் தொடங்கினீர்கள். நான் சல்லிப் பக்கம். கரைவலை இழுக்கிற குடும்பம். வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கரைவலை நினைத்த இடத்தில் போடுகிற வலை இல்லை. ஒவ்வொரு வலைக்கும் கரையில் ஒரு பாடு இருக்கிறது, இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை என்று. வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய் அரைவட்டமாக வளைத்துவிட்டு மறுபக்கத்தால் கரைக்கு வருவோம். ஒரு கயிற்றுத் தலைப்பு இங்கே, மற்றது தூரத்தில் அங்கே. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே மெல்ல மெல்லக் கிட்டவர வேண்டும், கடைசியில் மீன் சேருகிற மடி, அதாவது வலையின் பை, கரைக்கு வரும்போது இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் நிற்கும். ஆக, எங்களுக்கு வேண்டியது ஒரு புள்ளி இடம் இல்லை, நீளமான வெறும் கரை. நடுவில் சாய்மணைக் கதிரையும் குடையும் வரிசையாக வைத்தால் கயிறு எங்கே போகும்?

மடியில் வருவது சூடை, நெத்தலி, கீரி, சில நாள் பாரை. வந்த அந்த நேரமே ஐஸ் வேண்டும், ஏற்ற ஓட்டோ அல்லது மோட்டார் சைக்கிள் வேண்டும், அதற்கு ஒழுங்கை வேண்டும். சுற்றிக்கொண்டு வேறு வழியால் போனால் மீன் பழுதாகும், விலை விழும். விலை விழுந்தால் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு மட்டும் நட்டம் இல்லை, பங்குக்கு இழுக்கிற எல்லோருடைய பங்கும் குறையும். எங்கள் அப்பா காலத்தில் அம்பா என்கிற வலை இழுக்கும் பாட்டைப் பாடிக்கொண்டு இழுத்தார்கள். இப்போது பல கரைகளில் உழவு இயந்திரம் இழுக்கிறது, அதிலும் ஆயிரம் பிரச்சினை, அதைத் தனியாகப் பேசலாம். ஒழுங்கை போனால் கையால் இழுத்தாலும் மெசினால் இழுத்தாலும் ஒன்றுதான்.

ஸ்காபரோவாசி:

தம்பிமார், நான் அலஸ்தோட்டத்தை விட்டு வெளிக்கிட்டு நெடுங்காலம். 1983 கலவரத்துக்குப் பிறகு கனடாவுக்குப் போன கூட்டத்தில் ஒருவன். சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளோடு வந்தபோது எனக்கு மனம் நிறைந்தது, உண்மையைச் சொல்கிறேன். முன்பு இராணுவச் சென்றி பொயின்ரும் முட்கம்பியும் இருந்த இடத்தில் வெளிச்சம், கடை, ஆட்கள். இரவு எட்டு மணிக்கு வீதியில் பெண்பிள்ளைகள் பயமில்லாமல் நடந்து போகிறார்கள். அதற்குக் காரணம் சுற்றுலாத் துறையும்தானே. ஹோட்டல் வேண்டாம் என்று சொன்னால் பெடியங்கள் கட்டாருக்கும் சவூதிக்கும்தான் போக வேண்டும். வளர்ச்சியை மறிக்கிற மாதிரி இந்தப் பேச்சு போய்விடக் கூடாது என்பது என் கவலை.

அலஸ்தோட்டம்_அக்கா:

அண்ணா, ஹோட்டல் வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. நானே எங்கள் வீட்டின் பின்பக்கம் இரண்டு அறை கட்டி வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கிறேன். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான் உழைப்பு. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்கும் மேற்கும் கொந்தளிக்க எங்கள் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், அப்போதுதான் ஆட்கள் வருவார்கள். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் ஒருவரும் இல்லை. அந்த மாதங்களில் எங்களுக்குச் சோறு போடுவது பக்கத்து வீட்டு மீனும், கோழியும், கைமாற்றும்தான். அந்த உறவைப் பகைத்துக்கொண்டு இரண்டு அறை வைத்து என்ன செய்ய?

இன்னொன்று. என்னிடம் வந்து தங்குகிறவர்கள் தேடுவது ஒழுங்கையைத்தான். காலையில் எழும்பி அதால் நடந்துபோய் வலை இழுப்பதைப் பார்ப்பார்கள், சிலர் கயிற்றையும் பிடிப்பார்கள். மதிலுக்குள் இருக்கிற நீச்சல் தடாகம் உலகத்தில் எங்கேயும் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் மணல் தரையில் மழைத் தண்ணீர் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கும். அளவாக அள்ளினால் கடலுக்கு இவ்வளவு கிட்டவும் நல்ல தண்ணீர் கிடைக்கும், பெரிய மோட்டர் வைத்து இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். எங்கள் ஒழுங்கையில் ஆனி ஆடி மாதங்களில் சில கிணறுகள் கரித்துப் போகின்றன. கந்தளாயிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறதுதான், ஆனால் மரத்துக்கும் தோட்டத்துக்கும் கிணறுதானே. ஒழுங்கையும் கிணறும் இரண்டும் பொதுவாகப் பாவிக்கிற பொருட்கள், பெரிய கை உள்ளவர் அதிகம் எடுத்தால் மற்றவருக்குக் குறையும். அவ்வளவுதான் நான் சொல்வது.

உவர்மலை_ஐயா:

பிள்ளைகள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். சில பழைய விஷயங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தப் புறநகர்கள் ஒரே நாளில் வந்தவை இல்லை. 1927இல் ரயில் வந்தது. 1930களில் சீனன்குடாவில் வெள்ளைக்காரன் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினான், 2022 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்த அதே 99 தாங்கிகள். கடற்படை டொக்யார்ட்டில் வேலை என்று யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையாளத் தேசம் என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்து குடியேறினார்கள். 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பட்டினத்துச் சனம் காடு கரை என்று ஓடியது. ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியதும் அன்றைக்குத்தான். உப்புவெளியில் வீதியோரம் இருக்கிற யுத்த மயானத்தைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளைக் கற்கள் வரிசையாக, புல் ஒரே அளவாக வெட்டி. எங்கேயோ பிறந்த இளந்தாரிகள். அதைப் பராமரிக்க ஒரு ஆணைக்குழு இருக்கிறது, ஒழுங்கான வரைபடமும் இருக்கிறது. எங்கள் ஒழுங்கைகளுக்கு அது இல்லை.

1957இல் கடற்படைத் தளத்தைப் பிரித்தானியர் கையளித்துவிட்டுப் போனபோது பலருக்கு வேலை போனது. பெரிய முதலாளி ஒருவனை நம்பியிருந்த ஊர் அவன் போனதும் எப்படித் தடுமாறும் என்று நான் சின்ன வயதில் கண்ணால் கண்டவன். ஸ்காபரோத் தம்பி, உங்கள் கவலை எனக்கு விளங்குகிறது, ஆனால் ஹோட்டல் ஒன்றையே நம்பி மற்ற எல்லா வழியையும் அடைத்தால் அதே நிலைமைதான் வரும். பிறகு 1964 டிசம்பர் சூறாவளி. ஓட்டுக்கூரை, கிடுகுக்கூரை என்று பார்க்கவில்லை, எல்லாம் போனது. அப்போது கல்வீடு வைத்திருந்தவர்கள் கதவைத் திறந்துவிட்டு எல்லோரையும் உள்ளே எடுத்தார்கள். அன்றைக்கு ஒருவர் வளவால் ஒருவர் நடக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

வளவுக்காரன்:

ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் மற்றப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். எங்கள் வளவு வீதியிலிருந்து கடல் வரை நீண்டு கிடக்கும் காணி. அப்பா நல்ல மனிதர், மீன்பிடிக்கிற ஆட்கள் ஓரத்தால் போய்வர விட்டார். காணி உறுதியில் பாதை என்று ஒரு வரியும் இல்லை. யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது எங்கள் வளவின் ஓரத்தில் வேலியே இல்லை, ஓட்டோ போகிறது, குப்பை கொட்டுகிறார்கள், இரவில் இருந்து குடிக்கிறார்கள். என் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க இருக்கிற காணி அது. நான் மதில் கட்டினால் நான் ஊருக்குத் துரோகியா? ஹோட்டல்காரனோடு என்னை ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.

மூன்றாம்கட்டையான்:

அண்ணை, நீங்கள் எழுதியது மிகவும் தேவையான ஒன்று. உங்களை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. குப்பையும் குடியும் உண்மை, அதைச் செய்கிறவர்கள் எங்கள் பெடியங்கள்தான், அதை நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

ஆனால் சட்டத்தைப் பற்றி ஒன்று. உறுதியில் இல்லாவிட்டாலும், உரிமையாக நினைத்துப் பத்து வருடத்துக்கு மேல் தடையில்லாமல் ஒரு வழியைப் பாவித்தால் அந்த வழிக்கு உரிமை கோர இடம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் அப்பா நல்ல மனத்தோடு அனுமதித்தது என்பதும், சனம் உரிமையாகப் பாவித்தது என்பதும் நீதிமன்றத்தில் இரண்டு வேறு கதைகள், அதற்குள் போனால் இரண்டு பக்கமும் சட்டத்தரணிக்குத்தான் காசு. அதனால்தான் நான் பேசித் தீர்ப்பதை விரும்புகிறேன். வளவின் ஓரத்தில் ஒரு அளவான அகலத்தை விட்டு, மற்றப் பக்கம் நீங்கள் உயரமாக மதில் கட்டுங்கள். வழியைச் சுத்தமாக வைத்திருப்பது சனசமூக நிலையத்தின் பொறுப்பு. எழுத்தில் செய்வோம்.

கடற்கரையைப் பொறுத்தவரை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். ஹோட்டலுக்கும் அதே சட்டம்தான்.

ஜமாலியாக்காரி:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எல்லோரும் கடலுக்குப் போகிற வழி என்றே எழுதுகிறீர்கள். எனக்கு அது கடலிலிருந்து ஓடிவருகிற வழி.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த காலையில் நான் சின்னப் பிள்ளை. வாப்பா மீன் வியாபாரம், கரையில் நின்றார். உம்மா சமையலில். ஊர் இரைந்துகொண்டு ஓடியது, எங்கள் ஒழுங்கையில் ஆட்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு பெரிய வீதிக்கு வந்தோம். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார் என்று பிறகுதான் தெரியும், இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு தமிழ் மாமா. வாப்பாவும் தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். கிண்ணியாவிலும் மூதூரிலும் எங்கள் சொந்தக்காரர் பலர் தப்பவில்லை.

அன்றைக்கு அந்த ஒழுங்கையின் முனையில் ஒரு கேட் இருந்திருந்தால்? மதில் இருந்து, சுற்றிக்கொண்டு ஓட வேண்டி வந்திருந்தால்? இதை யோசிக்காமல் அனுமதி கொடுக்கிறவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை. வளவுக்கார நானா, உங்கள் மகளுக்கு அந்தக் காணியைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவவும் கடற்கரையில்தான் இருக்கப் போகிறா. அவவுக்கும் ஓட ஒரு வழி வேண்டும். உங்களைக் குற்றம் சொல்லி எழுதவில்லை.

கரைவலைமகன்:

தங்கச்சி எழுதியதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனாலும் சுனாமிக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

அப்போது வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், அதற்குள் வீடு கட்ட வேண்டாம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்களில் பலரை உள்ளே தள்ளிக் குடியேற்றினார்கள். பிறகு அந்த அளவைத் தளர்த்தினார்கள், ஆனால் போனவர்கள் போனவர்கள்தான். எங்கள் சித்தப்பா குடும்பம் இப்போது கடலைவிட்டுத் தூரத்தில் இருக்கிறது, விடிய மூன்று மணிக்கு எழும்பிச் சைக்கிளில் வருகிறார். வீடு பாதுகாப்பான இடத்துக்குப் போனது சரி, தொழில் கரையில்தானே இருக்கிறது. இடையில் இருக்கிற ஒரே தொடர்பு அந்த ஒழுங்கை. உயிருக்கு ஆபத்து என்று எங்களை எழுப்பிய கரையில் இன்றைக்குக் கண்ணாடி வைத்த மாடிக் கட்டடம் நிற்கிறது. இது எனக்கு நெஞ்சில் கிடக்கிற விஷயம்.

பாலையூற்றுப்பிள்ளை:

நாங்கள் கரையோரம் இல்லை, ஆனாலும் எழுத வேண்டும் போல இருக்கிறது. நான் பாலையூற்றுப் பறங்கிக் குடும்பம், போர்த்துக்கேயர் வழிவந்த ஆட்கள். பாட்டி வீட்டில் கிரியோல் என்கிற கலப்புப் போர்த்துக்கேயம் பேசுவார், அம்மாவுக்குப் பாதி விளங்கும், எனக்குப் பாட்டு மட்டும் தெரியும். பெரும்பாலும் மட்டக்களப்பிலும் இங்கேயும்தான் இந்தப் பேச்சு மிச்சமாக இருக்கிறது. எங்கள் கலியாண வீட்டில் வயலின் எடுத்து எங்கள் கஃப்ரிஞ்ஞா ஆட்டம் தொடங்கினால் பக்கத்து ஒழுங்கைத் தமிழ் ஆட்கள் எல்லோரும் வேலிக்கு மேலால் பார்ப்பார்கள், பிறகு உள்ளே வந்து ஆடுவார்கள். லூர்து அன்னை திருவிழாவுக்குச் சைவக்காரரும் மெழுகுதிரி கொளுத்த வருவார்கள். சல்லி அம்மன் பொங்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்தும் ஆட்கள் போவார்கள்.

ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தப் போக்குவரத்து எல்லாம் நடந்தது வேலி கிடுகாக இருந்தபோது. மதில் எட்டடிக்கு வந்த பிறகு அடுத்த வீட்டில் என்ன பாட்டு என்றுகூடத் தெரிவதில்லை. கடற்கரையில் மட்டும் இது நடக்கவில்லை. எங்கள் பக்கத்து ஒழுங்கைகளையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்கிறேன்.

கம்பஸ்பெடியன்:

நான் ஹற்றன் பக்கம், கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன், அறை எடுத்து இருப்பது சாம்பல்தீவில். வந்த புதிதில் ஒருவரையும் தெரியாது. வீட்டுக்கார அம்மா ஒழுங்கைக் கிணற்றடியில் நாலு பேரிடம் "எங்கட பிள்ளை" என்று சொல்லிவிட்டா, அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாட்டுக்குக் குறை வந்ததில்லை.

உதவி ஒன்று செய்யலாம். போனில் ஜிபிஎஸ் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒழுங்கையாக நடந்து பதிவு செய்யலாம். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அகலம் எவ்வளவு, கடற்கரை முனை திறந்திருக்கிறதா என்று. அதைத் திறந்த வரைபடத்தில் ஏற்றினால் எல்லோரும் பார்க்கலாம். பழைய நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டால் எது முன்பே இருந்தது, எது இடையில் காணாமல் போனது என்று தெரியும். எங்கள் பட்ச்சில் நாலைந்து பேர் வருவார்கள். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் கூட வர வேண்டும், இல்லாவிட்டால் நாய் துரத்தும், ஆட்களும் காணி பிடிக்க அளக்கிறோம் என்று நினைப்பார்கள்.

ஸ்காபரோவாசி:

இதை எல்லாம் வாசித்த பிறகு ஒன்று கேட்கிறேன். இங்கே கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்களில் பலரிடம் ஊர்க் காணி உறுதி இருக்கிறது, சிலர் விற்கவும் யோசிக்கிறார்கள். விற்கும்போது வழியை ஒதுக்கி, அதை அளவைப் படத்தில் காட்டி, பிறகு விற்கலாம்தானே? வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அந்த நிபந்தனையோடு வாங்கட்டும். இதை நான் இங்கே பேசிப் பார்க்கிறேன். என் அண்ணாவின் காணியிலிருந்து தொடங்கலாம்.

உவர்மலை_ஐயா:

நல்ல யோசனை தம்பி. அதோடு பட்டியல் தயாரானதும் பிரதேச சபைக்கு எழுத்தில் கொடுத்து, பொது வழிகளாகப் பதிவேட்டில் ஏற்றக் கேட்க வேண்டும். வாயால் சொன்னால் தலையாட்டி அனுப்புவார்கள். கடிதத்தின் பிரதி ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். பிரதேச செயலகத்துக்கும் கிராம சேவையாளருக்கும் பிரதி போகட்டும். சிங்களத்திலும் ஒரு பிரதி தயாரியுங்கள், எங்கள் கரையில் தொழில் செய்கிற சிங்கள ஆட்களும் கையெழுத்து வைக்கட்டும், அவர்களுக்கும் இதே ஒழுங்கைதான்.

மூன்றாம்கட்டையான்:

எல்லோருக்கும் நன்றி. வருகிற ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு மூன்றாம் கட்டை சனசமூக நிலையத்தில் கூடுவோம். பழைய உறுதி, அளவைப் படம், சுனாமிக்கு முந்திய படங்கள் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். கொப்பி போதும், மூலப்பத்திரத்தை வீட்டில் வையுங்கள். கம்பஸ் தம்பிமார் மூன்று மணிக்கே வந்தால் அலஸ்தோட்டம் பக்கத்து ஒழுங்கைகளை வெயில் தணிய நடந்து பார்க்கலாம், அக்கா கூட வருவா. தங்கச்சி, ஜமாலியாப் பக்கத்துக்குப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்து கேட்டால் நல்லது, வீட்டுக்குள் இருக்கிற உம்மாமாருக்குத்தான் எந்த வழி எப்போது இருந்தது என்று தெரியும்.

வளவுக்காரன்:

நானும் வருகிறேன். உறுதியின் கொப்பி கொண்டுவருகிறேன். எட்டடி கேட்டால் தர முடியாது, ஐந்தடி என்றால் பேசலாம். குப்பைக்கு யார் பொறுப்பு என்று முதலில் எழுத வேண்டும்.

கரைவலைமகன்:

அண்ணை, ஐந்தடியில் மோட்டார் சைக்கிள் மீன்பெட்டியோடு போகும். ஓட்டோ போவது கஷ்டம். ஆறரை தாருங்கள், குப்பைக்கு எங்கள் சங்கம் பொறுப்பு. ஞாயிறு நேரில் அளந்து பார்ப்போம், நான் நாடா கொண்டுவருகிறேன்.